வெயில் அடிக்கும்போதே வரும் வெள்ளம்

காஷ்மீரின் குல்மார்க்கில் ஆள் நடமாட்டம் இல்லாத சரிவுகளில் பனிச்சறுக்குப் போகிறவர்கள், விவரமானவர்களாக இருந்தால், சிக்னல் அனுப்பும் சின்னக் கருவி, மடக்குக் கம்பி, மண்வாரி மூன்றும் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். பனி சரிந்து ஒருவர் புதைந்துவிட்டால் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்க வேண்டும். அதற்குமேல் பிழைப்பது கஷ்டம். 2024 பிப்ரவரியில்கூட அங்கே பனிச்சரிவில் ஒரு ரஷ்யர் இறந்தார்.

'திருநெல்வேலிக்காரனுக்குப் பனி எதுக்குவே?' என்று கேட்கலாம். பனி இல்லைதான். ஆனால் மேலேயிருந்து சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி வருகிற ஆபத்து இங்கேயும் இருக்கிறதே!

2024 மே 17. கோடை விடுமுறை. பழைய குற்றாலத்தில் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. ஜனங்கள் அலறியடித்துப் படியேறி ஓடினார்கள். திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அந்த வீடியோ அன்றைக்கு எல்லோருடைய போனிலும் சுற்றியது. பார்த்தவர்கள் எத்தனை பேர் அதற்கப்புறம் மாறினார்கள் என்பது வேறு விஷயம்...

மழை பெய்வது அருவியில் அல்ல, அதற்கு மேலே உள்ள காட்டில். மாஞ்சோலைப் பக்கம் நாலுமுக்கிலும் ஊத்திலும் கொட்டித் தீர்க்கும்போது கல்லிடைக்குறிச்சியில் வெயில் அடிக்கும். செங்குத்தான பாறைச் சரிவில் அந்தத் தண்ணீர் நின்று நிதானித்தா வரும்? அதனால் தலைக்குமேல் இருக்கிற வானத்தைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. தண்ணீரைப் பார்க்க வேண்டும். தெளிவாக ஓடியது கலங்குகிறதா, சருகும் சுள்ளியும் மிதந்து வருகிறதா, இரைச்சல் கூடுகிறதா? ஒன்று தென்பட்டாலும் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். செருப்பு, சோப்பு, போன் எல்லாம் அப்புறம். இந்த அறிகுறிகூட இல்லாமல் ஒரேயடியாக வந்துவிடுவதும் உண்டு. மலையில் மழை என்று தெரிந்தால் இறங்காமல் இருப்பதுதான் நல்லது. அக்கரையில் மாட்டிக்கொண்டால் வடியும்வரை அங்கேயே இருக்கட்டும். முழங்கால் அளவு வேகத் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும்.

பாபநாசத்திலிருந்து கீழே உள்ள படித்துறைகளில் இன்னொன்றும் உண்டு. அணையில் தண்ணீர் திறந்தால் மழையே இல்லாமல் ஆறு ஏறும்.

இதெல்லாம் தெரிந்த பையன்களும் மாட்டுகிறார்கள். காரணம் கூட வருகிறவன்! "ஏலே, தண்ணி கம்மியாத்தானல இருக்கு, பயந்தாங்கொள்ளி" என்று ஒருவன் சொன்னால் போதும், தடுப்புக் கம்பியைத் தாண்டிவிடுவார்கள். பனிமலைக்குப் போகிற நல்ல குழுக்களில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வேண்டாம் என்றாலும் மொத்தக் குழுவும் திரும்பிவிடும். காரணம் கேட்டுக் கேலி செய்ய மாட்டார்கள்.

காட்டுக்குள் பல இடங்களில் போன் சிக்னல் கிடையாது. எந்த அருவி, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம். 'சும்மா பைக்ல ஒரு ரவுண்டு' என்று சொல்லிவிட்டு மணிமுத்தாறு போகிறவனை எங்கே போய்த் தேடுவது?