உரையும் ஒரு துணையே

தமிழ் இலக்கியத்தைத் துணையின்றிப் பயின்றவர் எவருமிலர். புறநானூற்றைக் கையில் எடுக்கும் பேராசிரியரும் பழைய உரையைத் துணைக்கொண்டே அதனுள் புகுகின்றார். அவ்வுரை 266 பாடல்களோடு நின்றுவிடுகின்றது. அதற்கு அப்பால் கற்றாரும் நடை தளர்ந்து குறிப்புரையையும் அகராதியையும் நாடுகின்றனர். அதனைக் குறையென்று எவரும் கூறுவதில்லை. புலமையின் நெறி என்றே போற்றுகின்றோம். ஆயின் அதே வகுப்பறையில் ஒரு மாணவர், "ஐயா, இப்பாடலை யாரேனும் படித்துக் காட்டினால் எனக்கு விளங்கும்" என்று கேட்கும்போது, அது மட்டும் சலுகையாகத் தோன்றுகின்றது. இத்தோற்றம் பொருந்துமா என்பதை, எம் துறையில் யாம் பெற்ற பட்டறிவைக்கொண்டு ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

சட்டம் திறந்த வாயில்

1995ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கிற் கொண்டது. எழுதுவதிலும் படிப்பதிலும் இடர்ப்படும் மாணவர்க்கு அதில் இடமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவ்வெண்ணிக்கையை 21 ஆக உயர்த்திக் கற்றல் குறைபாட்டையும் அதனுள் சேர்த்தது. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்கவும் அது வழிசெய்தது. வாயிலைத் திறந்துவைத்தது சட்டம். உள்ளே வந்தவர்க்குப் பாடத்தைக் கொண்டு சேர்ப்பது ஆசிரியர் கடன். எம் இளங்கலை வகுப்புகளில் அடுத்தடுத்த ஆண்டுகளில் வாசிப்பில் இடர்ப்படும் மாணவர் ஒருவரும், செவித்திறன் குறைந்த மாணவி ஒருவரும், பார்வையற்ற மாணவி ஒருவரும் வந்து சேர்ந்தனர். பாடம் சொல்லும் முறையை அவர்கள் பொருட்டு யாம் புதிதாய்க் கற்க வேண்டியதாயிற்று.

எழுத்துத் தரும் இடர்

முதலில் வந்த மாணவர் செவியாற் கேட்ட பாடலுக்குப் பொருள் கூறுவதில் வகுப்பில் எவர்க்கும் பின்தங்கியவர் அல்லர். நூலைக் கையிற் கொடுத்துப் படிக்கச் சொன்னால் மூன்றாம் சொல்லில் நின்றுவிடுவார். மருத்துவர்கள் இதனை டிஸ்லெக்சியா என்பர். எழுத்தையும் ஒலியையும் மூளை இணைத்துக்கொள்ளும் முறையில் உள்ள வேறுபாடு இது. அறிவுக் குறைவுமன்று, சோம்பலுமன்று.

அவர் தடுமாறிய இடங்களைக் குறித்துவைத்துப் பார்த்தபோது எம் எழுத்தைப் பற்றியே யாம் புதிதாகச் சிலவற்றை உணர்ந்தோம். 'கெ' என்னும் எழுத்தில் ககரம் முன்னும் எகரம் பின்னும் ஒலிக்கின்றன. எழுதும்போதோ எகரத்தின் குறி முன்னே வந்து நிற்கின்றது. 'கொ' என்பதில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கின்றது. 'கௌ' என்பதன் பின்பாதி ளகரமாகவே காட்சியளிக்கின்றது. பழகிய கண் இவற்றைக் கடந்து செல்லும். அவர் கண்ணோ ஒவ்வொன்றிலும் நின்று வழி கேட்கும். பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெயில் முறையில் இவ்விடர் இல்லை. 1951இல் இந்திய மொழிகளுக்கென ஏற்கப்பெற்ற பாரதி பிரெயிலில் மெய்யை அடுத்தே உயிர் வரும்; ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றே.

இவ்விடர் கற்றோர்க்கும் புதிதன்று. ஓலைச்சுவடிகள் பெரும்பாலானவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு இராது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். பதிப்பாசிரியர் பெருமக்கள் ஒரு சொல்லைத் துணிவதற்கு எத்தனையோ இரவுகளைச் செலவிட்டனர். அவ்விடரைக் குறைக்கவே வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களை வேறுபடுத்திக் காட்டும் வடிவங்களை வகுத்தார். பெரியார் 1935 முதல் குடிஅரசு இதழிற் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை முதலியவற்றின் தனிவடிவங்கள் நீங்கின. கற்பவர் பொருட்டு எழுத்தைத் திருத்திக்கொண்டு வந்ததே தமிழின் வரலாறு எனில், ஒரு மாணவர்க்காகச் சந்தி பிரித்துப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தருவது எவ்வாறு சலுகையாகும்?

இதழைப் படிக்கும் கண்

அடுத்து வந்த மாணவி செவித்திறன் குறைந்தவர். ஆசிரியரின் இதழசைவைக் கண்டு பாடங்கேட்பவர். திணை ஒழுக்கம் நடத்திய நாளில் அவர் குறிப்பேட்டில் 'பாலை' என வரவேண்டிய இடமெல்லாம் 'மாலை' என இருந்தது. காரணத்தைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பகரமும் மகரமும் இரண்டு இதழ்களும் பொருந்துவதாற் பிறப்பன என்பதைத் தொல்காப்பியப் பிறப்பியலில் யாமே ஆண்டுதோறும் நடத்துகின்றோம். ஒலியை நீக்கிவிட்டு இதழை மட்டும் நோக்கினால் இரண்டும் ஒன்றே. வலி, வளி, வழி என்னும் மூன்றும் அவ்வாறே. வேறுபாட்டைச் செய்யும் நா வாயினுள் மறைந்திருக்கின்றது. முல்லையின் பொழுதாகிய மாலையும் பாலைத்திணையும் அடுத்தடுத்து வரும் பாடத்தில் இம்மயக்கம் சிறிதன்று.

அன்றுதொட்டுக் கலைச்சொல் ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டே பேசத் தொடங்கினோம். எழுதும்போது பேசுவதையும் பலகையை நோக்கிப் பேசுவதையும் விடுத்தோம். சன்னலை முதுகிற்கொண்டு நின்றால் ஆசிரியர் முகம் நிழலாகிவிடும் என்பதை அம்மாணவியே எடுத்துரைத்தார். நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டோம். இவற்றுள் எதற்கும் ஒரு காசும் செலவில்லை.

கணினி படித்த தமிழ்

பார்வையற்ற மாணவி மடிக்கணினியில் என்விடிஏ என்னும் மென்பொருளைப் பயன்படுத்தினார். திரையில் உள்ளதைக் குரலாக்கித் தரும் அம்மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. எம் துறையின் பாடக்குறிப்புகளை அதில் இட்டபோது ஒரு வரியும் விளங்கவில்லை. அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப் பெற்றவை. அவ்வெழுத்துருவில் 'அம்மா' என்பது கண்ணுக்குத்தான் அம்மா. கணினிக்கோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளின் கோவை. குறிப்புகள் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். மாணவர் சிலர் விடுமுறையில் வந்திருந்து ஒவ்வொரு பக்கமாகப் பிழைதிருத்தினர். அதன்பின் அம்மாணவி சிலப்பதிகாரக் குறிப்பை எம்மிடம் கேட்கவில்லை. தாமே கேட்டுப் படித்து, ஐயம் மட்டும் கேட்டார்.

தேர்வில் வேறோர் இடர் காத்திருந்தது. அவர் சொல்ல மற்றொருவர் எழுதுவார். அவ்வாறு எழுதுபவர் தேர்வருடைய வகுப்பிற்குக் கீழ்நிலையிற் படித்தவராதல் வேண்டும் என்பது நெறி. விடை சொல்பவர் ஒற்றை அறிவார், எழுதுபவர் அறியார். அவ்விடத்து நேரும் ஒற்றுப்பிழை யாருடையது? இருவரையும் முன்கூட்டியே சில நாள்கள் அமர்த்திப் பழக்கியபின், அம்மாணவி "இங்கே வல்லொற்று இடுக" எனச் சொல்லிச் சொல்லி எழுதுவித்தார். 2018இல் நடுவண் அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறி மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரம் தரக் கூறியது. அந்நேரத்தின் தேவையை அத்தேர்வறையிற் கண்டோர் மறுக்கமாட்டார்.

மதிப்பெண் வழக்கு

வாசிப்பில் இடர்ப்படும் மாணவரின் அகமதிப்பீட்டுத் தாளைத் திருத்தியபோதுதான் எம் துறையில் உண்மையான வழக்கு எழுந்தது. விடையின் பொருள் செம்மையானது; எழுத்துப்பிழையோ பக்கத்திற்குப் பதினைந்து. மூத்த பேராசிரியர் ஒருவர், "ஒற்றுப்பிழையைத் தமிழ்த்துறையே பொறுத்துக்கொண்டால், தமிழைக் காப்பவர் யார்?" என்று வினவினார். அவ்வினாவில் மொழிப்பற்று இருந்தது. அதனை எளிதாக ஒதுக்கிவிட எமக்கு மனமில்லை.

நெடிது வாதிட்டபின் ஒரு கேள்வியில் வந்து நின்றோம். இத்தாளில் நாம் ஆராய்வது எதனை? அகப்பாடலின் உள்ளுறையை உணர்ந்தாரா என்பதனையே ஆராய்கின்றோம் எனில், எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பது அவர் அறிவை அளப்பதாகாது. அவர் இடரை அளப்பதேயாகும். ஆயின் இலக்கணத்தாளில் புணர்ச்சியே பாடம். ஆங்கு ஒற்றைத் தள்ளிவிட்டால் பாடமே போயிற்று. ஆதலின் இலக்கியத் தாள்களில் பொருள் மயங்காத எழுத்துப்பிழைக்குக் குறைப்பதில்லை என்றும், இலக்கணத்தாளில் வினாவைப் படித்துக் காட்டிக் கூடுதல் நேரம் தருவதன்றி வேறு தளர்த்துவதில்லை என்றும் முடிவு செய்தோம்.

இலக்கியத்தில் அவர் நல்ல மதிப்பெண் பெற்றார். இலக்கணத்தில் முதன்முறை தோற்றார். அப்போதும் விதியைத் தளர்த்தவில்லை. வினவிய அந்த மூத்த பேராசிரியரே நன்னூற் புணர்ச்சி விதிகளைத் தம் குரலிற் பதிவு செய்து கைப்பேசியில் அனுப்பினார். மாலைதோறும் எடுத்துக்காட்டுகளை வாய்மொழியாகப் பிரிக்கவும் சேர்க்கவும் பழக்கினார். மறுமுறை அம்மாணவர் தேர்ச்சி பெற்றார். அத்தேர்ச்சியை அவருக்கு எவரும் ஈந்துவிடவில்லை. அக்குரற்பதிவுகளை இன்று வகுப்பு முழுவதும் கேட்டுப் பயில்கின்றது.

நிறைவாக

அந்தகக்கவி வீரராகவ முதலியார் பார்வையற்றவர். முதுகில் எழுத்தை எழுதிக் காட்டச் செய்து அவர் தமிழ் கற்றார் என்பது செவிவழிச் செய்தி. எழுதிக் காட்ட ஒரு கை இருந்தது. கற்றதும் கவி பாடியதும் அவரே. ஆசிரியர் செய்யத்தக்க துணையின் அளவும் அதுவே எனக் கருதுகின்றோம். பாடத்தைக் குறைத்தல் துணையாகாது. பாடத்திற்கும் மாணவர்க்கும் இடையில் நிற்பதை விலக்குதலே துணையாம். இடையில் நிற்பது யாதென்பதை நூல்களைவிட அம்மாணவரே நன்கறிவர். ஆதலின் கல்லூரி திறக்கும் முதல் வாரத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் அவர்களைத் தனியே அழைத்து, "உங்களுக்கு எவ்வாறு பாடம் சொன்னால் எளிதாகும்?" என்று கேட்டறியுமாறு வேண்டுகின்றோம். எம் துறையில் மாற்றங்கள் அனைத்தும் அக்கேள்வியிலிருந்தே தொடங்கின.