மாவில் மறைந்த புளிப்பு

ஞாயிறுதோறும் இரும்புலியூரில் உள்ள எங்கள் இல்லத்திலிருந்து நானும் மனைவியும் திருப்பலிக்குப் புறப்படுவோம். மகன் மட்டும் வருவதில்லை. மூன்றாண்டுகளாக இதுவே வழக்கம். சென்ற தவக்காலத்தில் அவன் கையில் ஒரு தடித்த நூலைக் கண்டேன். டோல்கீன் எழுதி 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் கற்பனைப் புதினம் அது.

"இதை எழுதியவர் கத்தோலிக்கராம், ஆனால் இதில் கோவிலும் இல்லை, செபமாலையும் இல்லை" என்றான், சற்றே வெற்றிக் களிப்போடு.

வாதிட மனமின்றி, அவ்வாசிரியரின் வாழ்வைத் தேடிப் படித்தேன். அவருடைய தாய் மேபல், கணவரை இழந்தவர். 1900இல் கத்தோலிக்கம் தழுவினார். உறவினர் பண உதவியை நிறுத்தினர். வறுமையோடு போராடி 1904இல் இறந்தார். அப்போது மகனுக்கு வயது பன்னிரண்டு. பர்மிங்காமைச் சேர்ந்த அருள்தந்தை பிரான்சிஸ் மார்கன் அவரை வளர்த்து ஆளாக்கினார். தம் தாயை மறைசாட்சியாகவே டோல்கீன் இறுதிவரை எண்ணினார்.

தம் நாட்டுக்கென்று சொந்தமான தொன்மக் கதைகள் இல்லையே என்ற ஏக்கமும் அவருக்கு இருந்தது. அதைத் தாமே படைக்க முனைந்தார். அதில் சமயத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் தம் நூல் அடிப்படையில் கத்தோலிக்க நூலே என்று 1953இல் இயேசு சபை நண்பர் ஒருவருக்கு எழுதினார். கதையில் தீய மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. நாம் மங்கள வார்த்தைத் திருநாளைக் கொண்டாடும் நாள் அது!

நம் வீரமாமுனிவரோ வேறு வழி சென்றார். இத்தாலியில் பிறந்த அவர், தொன்மங்கள் நிறைந்த தமிழுக்குள் வந்தார். 1726இல் இயற்றிய தேம்பாவணியில் புனித சூசையப்பரை வெளிப்படையாகவே பாடினார். யூதேயாவைத் தமிழ் நிலமாக்கினார். எருசலேமைத் தமிழ்க் காப்பிய நகராக்கினார். ஒருவர் விசுவாசத்தைக் கதைக்குள் மறைத்தார். மற்றவர் தாம் அந்நியர் என்பதைத் தமிழுக்குள் மறைத்தார்.

மார்ச் 25 பற்றி மகனிடம் சொன்னேன். "இது எனக்குத் தெரியாதே!" என்று பக்கங்களைப் புரட்டினான். அடுத்த ஞாயிறும் அவன் கோவிலுக்கு வரவில்லை.

ஆனால் இப்போது கேள்வி என்னை நோக்கித் திரும்பியிருக்கிறது. மேபல் தம் பிள்ளைக்கு விட்டுச் சென்றது, விசுவாசத்திற்காக அவர் பட்ட பாடு. என் விசுவாசத்திற்காக நான் எதை இழந்ததை என் மகன் கண்டிருக்கிறான்? 'கோவிலுக்கு வா' என்ற கட்டளையைத்தானே அவன் கேட்டிருக்கிறான்?

மாவில் மறைத்த புளிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. முதலில் அது என்னுள் இருக்கிறதா? அதற்காகவே இப்போது செபிக்கிறேன்.