பஞ்சுப் பனி

பனிக்காலத்து உருவப்படங்கள் என ஒருவகை நிழற்படங்கள் உண்டு. கைப்பேசி வைத்திருப்போர் அவற்றைக் காணாதிருத்தல் அரிது. வெண்மை போர்த்த நிலமும், இலையுதிர்ந்த மரமும், கம்பளியுடை அணிந்து நிற்கும் நங்கையும், அவள் கூந்தலிலும் இமையிலும் தங்கிய பனித்துகளும் அப்படங்களின் இலக்கணமாம். அத்தகைய படமொன்றைக் கோயமுத்தூர்க் காந்திபுரத்தில், எம் இல்லத்து மொட்டைமாடியில் எடுக்க முயன்ற வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். முயன்றவர் எம் தமையனார். உடன் நின்று உதவினோம் யாம். நகைப்புக்கு உரியதாய்த் தொடங்கிய அம்முயற்சி நகைப்புக்கு உரியதாய் முடிந்திலது. ஆதலின் அதனை எழுதிவைத்தல் தகும் எனக் கருதினோம்.

எம் தமையனார் பம்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றிற் கணக்கெழுதுபவர். வாரத்தில் ஆறு நாள் கணக்கு; ஏழாம் நாள், ஆராதனை முடிந்தபின், காமிரா. படமெடுத்துப் பொருளீட்டும் எண்ணம் அவர்க்கு இல்லை. ஈட்டிய பொருளிற் சிறிது சிறிதாக மிச்சம்பிடித்துப் பிறர் கைமாறி வந்த டிஜிட்டல் காமிரா ஒன்றும் லென்சுகள் இரண்டும் வாங்கியிருந்தார். சென்ற டிசம்பரில் அவர்க்குப் பனிக்காலப் படங்களின்மேல் ஆசை பிறந்தது. உதகைக்குச் சென்றால் டிசம்பர், ஜனவரித் திங்களின் விடியலிற் புல்வெளியின்மேல் உறைபனி காணலாம். ஆயினும் வெயில் ஏறுமுன் அது கரைந்துவிடும். முதல்நாளே சென்று தங்கல் வேண்டும். அதற்கு விடுமுறை கிடைத்திலது. காந்திபுரத்திலோ மார்கழி விடியலிலும் வெப்பம் இருபது பாகையை ஒட்டியே நிற்கும். நண்பகலில் முப்பதை நெருங்கும். பனி இல்லா ஊரிற் பனியைச் செய்து கொள்வதே வழி எனத் துணிந்தார்.

அத்துணிவுக்கு ஒரு முன்மாதிரியும் அவரிடம் இருந்தது. ஸ்காத்லாந்தில் 1826-ஆம் ஆண்டு பிறந்து, 1856-ல் கனடா நாட்டு மாண்ட்ரியால் நகரிற் குடியேறிய வில்லியம் நாட்மன் என்னும் நிழற்படக் கலைஞரின் வரலாறே அது. 1866-ல் அவர் காட்டுமான் வேட்டையைக் குறித்துப் படவரிசை ஒன்று எடுத்தார். வேட்டுவர் பனியில் நடப்பதும், கூடாரத்தின் முன் தீக்காய்வதும் அதில் உள. காண்போர் அவை காட்டில் எடுக்கப்பட்டன என்றே கொள்வர். உண்மையில் அவை ஸ்டூடியோவுக்குள் எடுத்தவை. நிலத்துப் பனிக்கு ஆட்டுமயிரும் உப்பும். உறைந்த நீருக்கு மெருகேற்றிய துத்தநாகத் தகடு. விழும் பனிக்கு, நெகடிவின்மேல் நுண்துளியாகத் தெளித்த வெள்ளை வண்ணம். 1870-ல் நடந்த பனிச்சறுக்குக் களியாட்டத்தைக் காட்டவோ, ஏறத்தாழ முந்நூறு பேரை ஸ்டூடியோவிற் படமெடுத்து, அப்படங்களை வெட்டி ஒட்டி ஒரே காட்சியாக்கினார். "அவர்க்கு உப்புப் பனியாயின், நமக்குப் பஞ்சு பனியாகாதோ?" என்பது தமையனார் வாதம். கிறிஸ்துமஸ் நெருங்குங்காற் கிராஸ்கட் சாலைத் துணிக்கடைகள் கண்ணாடிப் பேழைக்குள் பரப்பும் பஞ்சு அவ்வாதத்துக்குச் சான்றாயிற்று.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு பிற்பகல். எம் சபையைச் சேர்ந்த கல்லூரி மாணவியர் இருவர், விளம்பரப் படங்களுக்கு நிற்கும் விருப்புடையோர், தம் அன்னையரோடு வந்தனர். மெத்தை தைக்கும் கடையிலிருந்து கழிவுப் பஞ்சு இரண்டு மூட்டை வாங்கி வந்திருந்தோம். வெள்ளைப் போர்வைகளை விரித்து அவற்றின்மேற் பஞ்சைப் பரப்பினோம். ஒளியைத் திருப்பும் தெர்மோகோல் பலகையை ஏந்தி நிற்பது எம் பணி. மேசை விசிறியைச் சுழலவிட்டு அதன்முன் பஞ்சைப் பிய்த்துப் போடுவதும் எம் பணியே.

மாணவியர் தடித்த கம்பளிச் சட்டையும் கழுத்துத் துணியும் அணிந்து பனியிடை நின்றனர். ஐந்து நிமிடத்தில் வியர்வை வழிந்தது. பூசிய மாவு கோடு கோடாய் இறங்கிற்று. பறந்த பஞ்சு வியர்வையில் ஒட்டிக் கன்னத்தில் மீசையாயிற்று. பேருந்து நிலையத்தின் ஊதொலி நொடிக்கொருமுறை வந்து மோதியது. அன்னையர் இருவரும் வாய்விட்டுச் சிரித்தனர், யாமும் சிரித்தோம்.

படத்திலும் இடர் நேர்ந்தது. காமிராவின் ஒளிமானி எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதி அளக்கும் இயல்பினது. எங்கும் வெண்மையாயின் ஒளி மிகுதி என மயங்கிக் குறைத்துவிடும். வெண்மை மங்கும், முகம் இருளும். அதனை உணர்ந்து தமையனார் ஒளியைக் கூட்டினார். குளிர் தோன்றவேண்டி நீலச் சாயலையும் ஏற்றினார். கரிய அழகுடைய அம்மாணவியின் முகம் சாம்பல் பூத்தது. பின்னர்க் கணினியில் அம்முகத்தைச் சிறிது வெளுப்பாக்கிக் காட்டினார். அவள் நெடுநேரம் நோக்கி, "ஏனுங்கண்ணா, இது நானுங்களா?" என்றாள். தமையனார்க்கு விடை தோன்றவில்லை. அப்பொழுதே நிறுத்தியிருத்தல் வேண்டும். யாமோ இரண்டாம் மூட்டையைப் பிரித்தோம்.

நிற்க. எம் அம்மாயி கீழ்வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார். விசிறிக் காற்றில் எழுந்த துகள் மாடிப்படி வழியே கீழிறங்கியதை யாம் கண்டிலோம். இருமல் ஒலி முதலிற் கேட்டது. பின்னர் அவரே சுவரைப் பற்றிக்கொண்டு படியேறி வந்து வாயிலில் நின்றார். பரப்பிய பஞ்சையும் பறக்கும் பஞ்சையும் ஒருமுறை பார்த்தார். "கண்ணு, அந்தக் காத்தாடிய நிறுத்து" என்றார். அடுத்த சொல் வரவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. படத்தில் ஏற்ற முயன்ற அந்நிறத்தை எம் அம்மாயி உதட்டிற் கண்டு நடுங்கினோம்.

மருத்துவமனையில் இரண்டு நாள் பிராணவாயு வைத்தனர். மூன்றாம் நாள் மாலை வீடு திரும்பிக் கட்டிலில் அமர்ந்தவர், யாம் கேளாமலே பேசினார்.

"அந்தப் பஞ்சு வாசம் எனக்குத் தெரியும் கண்ணு. மில்லுல சங்கு ஊதி வெளிய வாரப்பத் தலையெல்லாம் இப்பிடித்தான் இருக்கும். அழகுன்னு நாங்க நெனச்சதே இல்ல. ஞாயித்துக்கிழமை லீவு கழிச்சுத் திங்கக்கிழமை உள்ள போனா, நெஞ்ச வந்து அமுக்கும். செவ்வாய்க்கிழமை செரியாப் போயிரும்னு சொல்லிக்குவோம்."

அம்மாயி நூலாலை ஒன்றின் கார்டிங் பகுதியிற் கழிவுப் பஞ்சைக் கூட்டி அள்ளும் வேலையில் இருபத்திரண்டு ஆண்டு இருந்தவர். அக்கூலியாலேதான் எம் அன்னையார் பள்ளி சென்றார். அக்கல்வியின் பயனாலேதான் யாம் இன்று தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் அமர்ந்திருக்கின்றோம். அவர்க்கு மூச்சிரைப்பு உண்டென்பது யாம் அறிந்ததே. அஃது எங்கிருந்து வந்தது என்று யாம் ஒருநாளும் வினவியதில்லை.

பின்னர் நூல்களிற் படித்தறிந்தோம். பருத்தியோடு ஒட்டிவரும் இலைச்செதில் முதலியன ஆலையில் நுண்தூசியாய்ப் பறக்கும். ஆண்டுக்கணக்கில் அதனைச் சுவாசிப்போர்க்கு மூச்சுக்குழல் சுருங்கும். மருத்துவ நூலார் இந்நோயைப் பிசினோசிஸ் என்பர். விடுமுறை கழித்து வேலைக்குத் திரும்பும் முதல்நாளில் நெஞ்சிறுக்கம் மிகுதல் அதன் குறி. மேனாட்டில் அதற்குத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றே பெயர் வழங்கிற்று. நூலார் கூறிய குறியை அம்மாயி தம் நெஞ்சாற் கூறினார். கோயமுத்தூரில் முதல் நூலாலையை 1888-ல் ஸ்டேன்ஸ் நிறுவினார் என்றும், 1930-களிற் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின என்றும், நம் நகரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்பர் என்றும் யாம் பள்ளியில் மனனம் செய்துள்ளோம். அம்மனனத்துள் திங்கட்கிழமை இடம்பெறவில்லை.

பஞ்சைப் பனிக்கு ஒப்பிடுதல் எமக்குப் புதிதன்று. 147-ஆம் சங்கீதத்தின் மூலம் பனியை ஆட்டுமயிருக்கு ஒப்பிடுகின்றது. எம் முன்னோர் ஓதிவந்த தமிழ் வேதாகமமோ ஆட்டுமயிரை விடுத்துப் பஞ்சையே கூறும்; பனி என்னும் பொருளையும் 'உறைந்த மழை' என்று வழங்கும். வெண்பனி காணாத நாட்டார்க்கு அதனை உணர்த்த, அவர்கள் கண்ட பொருளைக் கொண்டே மொழிபெயர்த்தோர் உவமை அமைத்தனர் போலும். அஃது அழகிய உவமை என்றே யாம் இதுகாறும் எண்ணியிருந்தோம். இன்றும் அவ்வாறே எண்ணுகின்றோம். ஆயினும் உவமையாகும் பொருளை ஒருவர் எங்ஙனம் அறிந்துள்ளார் என்பதும் ஆராயற்பாலது. எம் இல்லத்திற் பஞ்சினை மிகுதியாய் அறிந்தவரைக் கீழே உறங்கவிட்டு, மேலே யாம் அதனைத் தூவினோம்.

அங்ஙனமாயின் நாட்மன் செய்ததும் பிழையோ எனின், அன்று. அவர் காலத்துக் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அஃது ஈரமாய் இருக்கும்போதே படமெடுத்துக் கழுவி முடித்தல் வேண்டும். படமெடுக்கும் வரை ஆடாது அசையாதும் நிற்றல் வேண்டும். உறைகுளிரில் வெளியே இது பெரிதும் அரிது. ஆதலின் அவர் ஸ்டூடியோவின் உள்ளே உப்பைத் தூவினார். ஆனால் கதவைத் திறந்தால் தெருவில் மெய்ப்பனி கிடந்தது. படத்தில் நின்றோர் அப்பனியில் வாழ்ந்தோர். அணிந்தவை தம் உடைகள். உப்பு பொய், வாழ்வு மெய். எம் மாடியிலோ பஞ்சு ஒன்றே மெய். பிற யாவும் இரவல். அம்மாணவியின் முகத்தையும் இரவலாக்க முயன்றோம்.

தமிழர்க்குப் பனிக்காலம் இல்லையோ? முன்பனி, பின்பனி எனப் பெரும்பொழுது இரண்டு வகுத்தவர் நம் முன்னோர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் 188 அடிகளிற் கூதிர்க்குளிரைக் காட்டுகின்றார். அங்கே வெண்பனி இல்லை. கொள்ளியிற் கைகாய்ச்சி நடுங்கும் ஆயர் உளர். கூனிக்குறுகும் குரங்கு உளது. மரத்தினின்று வீழும் பறவை உளது. சந்தனம் அரைப்பாரின்றிக் கல் கிடக்கின்றது. விசிறி சுருக்கப்பட்டுச் சிலந்திநூல் படியத் தொங்குகின்றது. குளிரை அவர் விசிறியின் ஓய்விற் காட்டினார். யாம் விசிறியின் ஓட்டத்திற் காட்ட முயன்றோம். வகுப்பில் அப்பாட்டுக்கு உரை எழுதிய எமக்கே அது தோன்றாது போனமை வியப்பு. பனித்தல் என்னும் சொல்லுக்கு நடுங்குதல் என்பதும் ஒரு பொருள். முகத்தின்மேல் வெண்துகள் ஒட்டுவதைக் காட்டிலும், முகத்திற் குளிர் தோன்றுவதே பனிக்காலப் படம் எனத் தெளிந்தோம்.

முதற்கண் மாடியைத் துப்புரவு செய்தோம். துடைப்பத்தாற் கூட்டினால் மீண்டும் பறக்கும் ஆதலின், நீர் தெளித்து நனைத்து, கையால் அள்ளிக் கோணியில் இறுக்கினோம். அவ்வேலை இரண்டு மணிநேரம் கொண்டது. எம் தொண்டை மறுநாளும் கரகரத்தது. இருபத்திரண்டு ஆண்டு என்பதன் பொருள் அன்றே எமக்குச் சிறிது விளங்கிற்று.

மார்கழி பிறந்தபின் ஒரு விடியலில் அம்மாணவியர் இருவரையும், அவர்தம் அன்னையரோடு, சிங்காநல்லூர்க் குளக்கரைக்கு அழைத்துச் சென்றோம். நீரின்மேல் மூடுபனி மெல்லிதாய் நின்றது. அவர்கள் தம் சேலையின்மேல் வீட்டுச் சால்வையைப் போர்த்து, தேநீர்க் குவளையை இரு கையாலும் பற்றி நின்றனர். எழுகதிர் பின்னிருந்து வர, தமையனார் நீலமும் ஏற்றாது வெளுப்பும் ஏற்றாது எடுத்தார். முன்னர் வினவிய அம்மாணவி அப்படத்தைப் பார்த்து, "இது நானுங்கண்ணா" என்றாள். அவள் தமக்கெனக் கேட்டு வாங்கிய படம் அஃதொன்றே.

அம்மாயியைக் குளக்கரைக்கு அழைத்திலோம். குளிர்காற்று அவர் நெஞ்சுக்கு ஆகாது. கிறிஸ்துமஸுக்கு மறுநாட் காலை, வெயில் ஏறியபின், கழுவிய மாடியில் நாற்காலியிட்டு அமர்த்தினோம். தவிட்டு நிற மப்ளரைக் கழுத்திற் சுற்றியிருந்தார். "ஒரு படம் எடுக்கட்டுமா அம்மாயி?" என்று தமையனார் அஞ்சி அஞ்சிக் கேட்டார்.

"பஞ்சு இல்லாம எடுப்பியா?"

"இல்லாமத்தான்."

அவர் சீப்புக் கொண்டுவரச் சொல்லித் தலைவாரிக்கொண்டார். யாம் தெர்மோகோல் பலகையை ஏந்தி நின்றோம். படத்தைக் காட்டியபோது கண்ணாடி அணிந்து நெடுநேரம் பார்த்தார். கரிய முகத்திற் சுருக்கம் ஒவ்வொன்றும் தெளிந்திருந்தது. நரைத்த கூந்தல் வெயிலில் ஒளிர்ந்தது. யாம் ஏதோ உவமை கூற வாயெடுத்தோம். அதற்குள் அவர் படத்திலிருந்த தம் தலையைத் தொட்டுக் காட்டி, "இது பஞ்சில்ல கண்ணு, என்ற முடி" என்றார்.

உவமையை யாம் கூறிற்றிலோம். அப்படம் இப்பொழுது எம் இல்லத்து முன்னறையில், குடும்பப் படங்களின் நடுவே தொங்குகின்றது. தமையனார் ஞாயிறுதோறும் காமிரா எடுக்கத் தவறுவதில்லை. எடுப்பதற்கு முன், நிற்பவரிடம் அவர்தம் ஊரும் வேலையும் சிறிது நேரம் கேட்டறிவது மட்டும் புதிய வழக்கம். யாமும் வீட்டு முதியோரிடம் கேட்கத் தொடங்கியுள்ளோம். இதழ் படிக்கும் மாணவ நண்பரும் தத்தம் இல்லத்திற் கேட்பாராயின், இக்கட்டுரை பயனுடைத்து என மகிழ்வோம்.