சப்பாத்தும் பலகைத் துண்டும்

நவம்பர் முதல் வாரம். ஸ்காபரோவின் தெற்கே, ஏரிக்காற்று நேரே வந்து முகத்தில் அறைகிற பழைய வீதி. இன்னும் ஒரு துளி ஸ்னோ விழவில்லை. இரவு வேலை முடிந்து வந்து, தேத்தண்ணியோடு குசினி யன்னலில் நிற்கிறேன். பக்கத்து வீட்டு அங்கிள் கராஜ் கதவை உயர்த்தி, ஸ்னோ தள்ளுகிற மெசினை வெளியே உருட்டிக்கொண்டு வருகிறார்.

எழுபது தாண்டியவர். கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்தவர், லான்ட்மாஸ்டர் ஓட்டியவர். இரண்டு சில்லு, இரண்டு கைபிடி, பின்னால் நடந்துகொண்டே ஓட்டுவது. இந்த மெசினும் அதே சாயல்தான். கைபிடியை அவர் பிடிக்கிற விதத்தில் புதுக்கைத் தடுமாற்றம் கொஞ்சமும் இல்லை.

ஆனால் இன்று முதலில் அவர் மெசினைத் தொடவில்லை. வெறுங்கையோடு மூலை வீட்டுக்கு நடக்கிறார். அங்கே ஒரு போர்த்துக்கேய மூதாட்டி தனியாக இருக்கிறார். அவருடைய டிரைவ்வே கிறவல். எதிர் வீட்டுத் தம்பியுடையது இன்ரர்லொக் கல். அங்கிளின் சொந்த டிரைவ்வே தார். அநேகமாக வருடா வருடம் இந்த மூன்றையும் அவர்தான் துப்புரவாக்குகிறார். யாரிடமும் காசு வாங்கிப் பார்த்ததில்லை.

கிறவலில் மெதுவாக நடக்கிறார். துருத்திக்கொண்டு நிற்கும் பெரிய கல்லைக் காலால் தட்டிப் பார்த்து, குனிந்து எடுத்து ஓரத்தில் போடுகிறார். சுருண்டு கிடந்த தண்ணீர்க் குழாயைத் தூக்கி வேலியில் மாட்டுகிறார். படியடியில் கிடந்த மிதியடியையும், பிரிக்காத விளம்பரப் பத்திரிகைக் கட்டையும் எடுத்து வைக்கிறார். ஸ்னோவுக்கடியில் உறைந்து கிடந்து, மெசினின் வாய்க்குள் போய்ச் சுற்றிக்கொள்பவை இவைதான். பிறகு விளிம்பு நெடுக செம்மஞ்சள் நிறக் கம்பிகளை ஊன்றுகிறார். ஸ்னோ மூடிவிட்டால் புல் எது, கல் எது என்று எவருக்கும் தெரியாது. ஜனவரி இருட்டில் செய்யப்போகிற வேலைக்கு, நவம்பர் வெளிச்சத்தில் நிலத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறார்.

அதற்குப் பிறகுதான் மெசின். ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றித் தள்ளி வைத்தார். டயர் இரண்டின் காற்றையும் அளந்தார். இடது பக்கம் குறைவு, பம்பால் ஏற்றினார். ஒரு டயர் இளகியிருந்தால் மெசின் அந்தப் பக்கம் சாயும், வாயின் ஒரு கன்னம் நிலத்தைத் தேய்க்கும், மற்றது அந்தரத்தில் நிற்கும். சாய்ந்து நிற்கிற மெசினில் எவ்வளவு அளந்து பூட்டினாலும் பிழைதான்.

மெசினின் அகன்ற வாய்க்கு அடியில், நிலத்தைச் சுரண்டுவதற்கு ஒரு இரும்புத் தகடு இருக்கிறது. வாயின் இரு கன்னங்களிலும் பக்கத்துக்கொரு சப்பாத்து. ஸ்கிட் ஷூ என்று கடையில் சொல்வார்கள். மெசினின் முன்பாரத்தை நிலத்தில் தாங்கி வழுக்கிச் செல்வது அதுதான். சப்பாத்தைக் கீழே இறக்கினால் தகடு நிலத்தை விட்டு உயரும். மேலே ஏற்றினால் தகடு நிலத்தை நெருங்கும். முழு விஷயமும் இந்த இடைவெளியில்தான். வழுவழுப்பான தாருக்கு 3 மில்லிமீற்றர் போதும். கிறவலுக்கு 25 முதல் 30 வரை வேண்டும். இன்ரர்லொக்குக்குத் தாரைவிடக் கொஞ்சம் கூட வைக்கிறார். குளிரில் மண் உறைந்து உப்பும்போது ஒரு கல் எழும்பும், அடுத்தது அப்படியே இருக்கும். எழும்பிய கல்லின் விளிம்பில் தகடு மோதினால் கல் பெயரும், அல்லது கைபிடி நெஞ்சில் இடிக்கும்.

அவரிடம் அளவுகோல் இல்லை. சட்டைப்பையில் ஒரு காட்போட் மட்டை, இரண்டு பிளைவுட் துண்டு. கிறவலுக்கான பிளைவுட் துண்டுகளைத் தகட்டின் இரண்டு முனைகளுக்கும் அடியில் செருகினார். ஸ்பானரால் சப்பாத்தின் நட்டுகளைத் தளர்த்தினார். சப்பாத்து இரண்டும் தம் பாரத்தில் தாமே சறுக்கி நிலத்தைத் தொட்டன. அப்படியே நட்டுகளை இறுக்கினார். துண்டுகளை உருவிவிட்டு, முழந்தாளிட்டு, கன்னம் நிலத்தில் படும் அளவுக்குக் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார். வலது பக்கத்தில் ஏதோ பிடிக்கவில்லை. மறுபடி தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் கால் மணித்தியாலம் போயிருக்கும். என் தேத்தண்ணி ஆறிவிட்டது.

சப்பாத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்ரால் ஒரு கோடு இருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. கிறவலுக்கான அடையாளம். ஆனாலும் அந்தக் கோட்டை நம்பி அவர் பூட்டுவதில்லை. சப்பாத்து தேயும் பொருள். போன வருடத்துக் கோடு இந்த வருடத்துத் தேய்மானத்தை அறியாது. இரும்புச் சப்பாத்துகளைக் கழற்றி, கெட்டிப் பிளாஸ்ரிக்கில் செய்தவற்றை மாட்டியிருக்கிறார். எதிர் வீட்டுத் தம்பி செலவழித்துப் பதித்த கல்லில் இரும்பு கீறும், துருக்கறை விழும் என்பதற்காக.

டிசம்பரில் முதல் ஸ்னோ ஐந்து சென்ரிமீற்றர் போலக் கொட்டியது. தன் தாரைத் துடைத்தாற்போல் எடுத்தார். இன்ரர்லொக்கையும் எடுத்தார். கிறவலில் மட்டும் மெசினின் வாயை ஓட விடவே இல்லை. சில்லுகளை மட்டும் மேலும் கீழும் நாலைந்து தடவை உருட்டி, பூட்ஸ் காலால் மிதித்துவிட்டுப் போனார். மூதாட்டி யன்னலைத் திறந்து கையை விரித்து ஏதோ கேட்டார். அங்கிள் உள்ளங்கையால் காற்றை அமர்த்திக் காட்டினார். மிதிபட்ட ஸ்னோ இரவுக் குளிரில் இறுகி, கற்களுக்கு மேல் ஒரு தளமாகிவிடும். பிறகு வருவதையெல்லாம் அந்தத் தளத்துக்கு மேலே தள்ளினால் கற்கள் தம்பாட்டில் கீழே கிடக்கும். கிறவல் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு, எதிர் வீட்டுத் தம்பி நல்ல மனதோடு தன்னுடைய சின்ன மெசினைக் கொண்டுவந்து மூலை வீட்டில் ஸ்ராட் பண்ணினான். இரண்டு தடவை கல் 'சடார்' என்று போய் வேலியில் அடித்தது. அங்கிள் செருப்போடு ஓடி வந்தார்.

"தம்பி, நிப்பாட்டும்! உதுக்குச் சப்பாத்து இல்லை. றப்பர் நிலத்திலை முட்டித்தான் ஓடும், கல்லையும் சேத்து அள்ளும்."

"ரெண்டு கல்லுத்தானே அங்கிள்?"

"ஒரு கல்லுக் காணும், ஆற்றையும் கண்ணுக்கு."

அவன் உடனே நிறுத்திவிட்டான். அவனுடையது ஒற்றைக் கட்டம். அங்கிளின் மெசின் இரண்டு கட்டம். முன்னால் சுழலும் திருகு ஸ்னோவை நடுவுக்கு இழுக்கும். பின்னாலுள்ள விசிறி குழாய் வழியே எறியும். இந்த எண்ணத்தை வீதிக்கான மெசினாக்கி ஓட விட்டவர் ஆதர் சிக்கார் என்ற கியூபெக்காரர். பண்ணையில் வளர்ந்த அவருக்கு, கதிரடிக்கும் மெசினைப் பார்த்துத்தான் இந்த யோசனை தோன்றியதாம். 1925இல் கட்டி முடித்து, 1927இல் மொன்றியலை ஒட்டியிருந்த ஊற்றமோன் நகரத்துக்கு முதலாவதை விற்றார். அங்கிளுக்கு இந்தக் கதை தெரியுமோ தெரியாது. தெரிந்தால் சந்தோஷப்படுவார், சூடடிக்கிற மெசினின் பிள்ளை இது என்றால் அவருக்கு அது சொந்தக்காரப் பிள்ளை.

ஜனவரி நடுவில் மூன்று நாள் சூடு. கிறவலின் உறைதளம் உருகி, கற்கள் தலைகாட்டின. நாலாம் நாள் மறுபடி ஈரமான, பாரமான ஸ்னோ. அங்கிள் மூலை வீட்டில் பாதி வேலையில் இருக்கும்போது 'தக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, திருகின் ஒரு பக்கம் சுழலாமல் நின்றது. திருகு இடறினால் முதலில் உடைவதற்கென்றே பூட்டிய ஷியர் பின் உடைந்துவிட்டது. ஒரு கல் இடறியிருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, எல்லாம் அசைவற்று நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். வயரைக் கழற்றினார். ஒரு தடியால் கல்லைத் தட்டி வெளியே எடுத்தார். தம்பி தன் கராஜிலிருந்து தடித்த இரும்பு போல்ற் ஒன்றைக் கொண்டு ஓடி வந்தான். இதைப் போட்டால் இனி உடையாது என்றான். அங்கிள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது உடையாது. அப்ப கியர் பெட்டி உடையும்."

ஜக்கெற் பையிலிருந்து அந்த மெசினுக்கே உரிய புதுப் பின் ஒன்றை எடுத்து மாட்டினார். கையுறை இல்லாத விரல்கள் சிவந்திருந்தன. மாட்டி முடிந்ததும் சப்பாத்தை இன்னும் கொஞ்சம் இறக்கினார். பிறகு ஸ்னோ எறிகிற குழாயை வீட்டுப் பக்கமும் வீதிப் பக்கமும் இல்லாமல் வெறும் வளவுப் பக்கம் திருப்பினார். ஓடும்போது மூதாட்டியின் யன்னலை ஒரு தடவை பார்த்தார். அதற்கு நேரே போகிறபோது வேகத்தைக் குறைத்தார்.

கிறவல் முடிந்தால்தான் மற்ற இரண்டும். காலை எட்டு மணிக்கு மூதாட்டி கோயிலுக்கோ வைத்தியரிடமோ போக வேண்டியிருக்கும். கிறவல் முடிந்ததும் மெசினைத் தன் கராஜுக்குள் உருட்டி, வயரைக் கழற்றி, பிளைவுட்டுக்குப் பதிலாகக் காட்போட் மட்டையை மடித்துச் செருகி, சப்பாத்தை ஏற்றிப் பூட்டுவார். எதிர் வீட்டுக்கு மடித்த மட்டை, தன் தாருக்கு ஒற்றை மட்டை. சில நாள் இந்த இரண்டாவது மாற்றத்தைச் செய்யாமல், தன் தாரில் மிஞ்சிய மெல்லிய படையை மண்வெட்டியால் தள்ளிவிடுவார். அதுவும் சரிதான். மூன்று வீட்டு வாசல்களிலும் மாநகரசபை வண்டி குவித்துவிட்டுப் போகும் கட்டிப் பனிக்கு மட்டும் அவர் மிக மெதுவாகப் போவார். கார்களின் அடியிலிருந்து விழுந்த இரும்பும் பனிக்கட்டியும் அதற்குள்தான் இருக்கும்.

ஏப்ரல் கடைசியில் ஸ்னோ முழுதும் போய்விட்டது. மூதாட்டி சின்ன முள்வாரியோடு வந்து புல்லுக்குள் கிடந்த கிறவல் கற்களைப் பொறுக்கினார். முந்திய வருடம் அங்கிள் ஊருக்குப் போயிருந்தபோது, காசுக்கு வந்த ஒருவர் தள்ளினார். அந்த வசந்தத்தில் புல்லிலிருந்து எடுத்தது ஏழு வாளி. நான் எண்ணினேன். இந்த வருடம் ஒரு வாளி, அதுவும் பாதி.