தொண்ணூறால் பெருக்காதே



முப்பத்தோரு வருடம் கணக்குப் பாடம் நடத்திய நான், ஒரு பெருக்கலைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்த கதை இது. யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

2024 அக்டோபரில் என் தங்கை மகன் மேற்படிப்புக்காக ஜெர்மனியின் மக்டபர்க் நகருக்குப் போனான். விமான நிலையத்தில் அவனிடம், "அம்மாவும் அப்பாவும் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்த காசு. ஒவ்வொரு யூரோவையும் தொண்ணூறால பெருக்கிப் பாத்துட்டுச் செலவு பண்ணுடா" என்றேன். அப்போது யூரோ ஏறக்குறைய 90 ரூபாய்.

மறு வருடம் அவன் அக்கா கல்யாணத்துக்கு வந்தான். பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை. தங்கை துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தான். கிளம்பும் முன்பே இணையத்தில் ஓர் அறையைப் பார்த்து 700 யூரோ அட்வான்ஸ் அனுப்பியிருக்கிறான். போய்ப் பார்த்தால் அந்த முகவரியில் அப்படி ஓர் அறையே இல்லை. 63,000 ரூபாய்! வீட்டில் சொல்லப் பயம். பல்கலைக்கழகக் கேன்டீனில் நாலு யூரோ சாப்பாடு 360 ரூபாய் ஆகிறதே என்று, ரொட்டியும் வாழைப்பழமுமாக மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறான்.

"நீங்கதானே மாமா பெருக்கிப் பாக்கச் சொன்னீங்க?" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் இருவரும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தோம். விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்ட்டில் ஓர் ஆண்டுச் செலவுக்கென்று 11,904 யூரோ போட்டிருந்தோம். அதிலிருந்து மாதம் 992 யூரோ வரும். அந்தப் பணம் அவன் அங்கே உயிர்வாழத்தான். மிச்சம் பிடித்துக் காட்ட அல்ல. யூரோவை யூரோவாகவே பிரித்தோம்: முதலில் வாடகை, மருத்துவக் காப்பீடு. அடுத்தது சாப்பாடு, அதில் கை வைக்கக் கூடாது. பிறகு செமஸ்டர் கட்டணத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை. ஜெர்மன் மொழியில் வந்த கடிதங்களைப் பிரிக்காமலே வைத்திருந்தான். அதில் ஒன்று ஒலிபரப்புக் கட்டணம், மாதம் 18.36 யூரோ. அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. மூன்று பேர் பங்கிட்டால் 6.12 யூரோதான்.

வெளிநாடு போகும் பிள்ளைகளே, அறையையோ ஒப்பந்தத்தையோ பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். பகுதிநேர வேலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஜெர்மனியில் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் என்று வரம்பு உண்டு. போனவுடன் வேலை கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை. கல்விக்கடன் வாங்கியவர்களுக்குப் படிக்கும்போது தவணை இல்லாவிட்டாலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பெற்றோரால் முடிந்தால் அந்த வட்டியையாவது அவ்வப்போது கட்டிவிடுங்கள்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். படிக்கப் போன பிள்ளையிடம் "எவ்வளவு மிச்சம் பண்ணுறே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அது பட்டினி கிடந்து பதில் சொல்லும்.

ஏமாந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றே வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். திட்டத்தான் செய்வார்கள். திட்டிவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்பார்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள். இந்த வாத்தியார் திட்டமாட்டேன்.

நலமாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.