இரண்டாவது பிளேடு

மாதிரி விமானத்துக்கு மரத்தில் புரொப்பெல்லர் செதுக்குகிறவனுக்கு முதல் பிளேடு ஒரு பொருட்டே அல்ல. கைக்கு வந்தபடி செதுக்கலாம். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. சங்கடமெல்லாம் இரண்டாவதில்தான். அது முதல் பிளேடின் கண்ணாடி பிம்பம் அல்ல. கட்டையை அரைச் சுற்று திருப்பினால், முதலாவது இருந்த இடத்தில் இது அச்சு மாறாமல் வந்து உட்கார வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் இரண்டையும் எதிரெதிர்ச் சரிவாக வெட்டிவிடுவார்கள். ஒன்று முன்னே இழுக்கும், மற்றது பின்னே தள்ளும்.

புரொப்பெல்லரின் அளவு 10-க்கு 6 என்றால் விட்டம் 10 அங்குலம், பிட்ச் 6 அங்குலம். காற்றில் வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்தான் பிட்ச். அதற்கு பிளேடு நெடுக ஒரே சாய்வு ஆகாது. மையத்திலிருந்து 2 அங்குலத்தில் 25 டிகிரிக்குச் சற்று மேல், 3¾ அங்குலத்தில் 14, முனையில் 11-ஐத் தொடாது. இதைக் கோணமானி வைத்து அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. கட்டையின் அகலத்தையும் கனத்தையும் கணக்குப்படி அறுத்துவிட்டு, மூலைக்கு மூலை செதுக்கினால் முறுக்கு தானாக வந்துவிடும்.

நெய்வேலிக்காரனுக்கு மரத்துக்குப் பஞ்சமில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. முந்திரி அடுப்புக்குத்தான் லாயக்கு. பலா அப்படியல்ல, மிருதங்கம் கடைகிற மரம். அன்று விழுந்ததில் அறுத்த பலகை நன்றாகக் காய்ந்து இன்னும் என் கைவசம் இருக்கிறது. ஓரத்து வெள்ளையைத் தள்ளிவிட்டு வைரத்தை மட்டும் எடுப்பேன். இழைத்த அன்று மஞ்சளாக இருப்பது, வெளிச்சம் படப்பட பழுப்பாகும்.

பலாவையும் தேக்கையும் மெல்லிய பலகைகளாக இழைத்து, மாற்றி மாற்றி ஒட்டிய கட்டையில்தான் ஸ்கேல் புரொப்பெல்லர் செதுக்குவேன். 1909 ஜூலை 25 அன்று பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்த விமானத்தில் இருந்ததும் இப்படி அடுக்கி ஒட்டியதுதான். பாரிஸில் ஷோவியேர் வால்நட் மரத்தில் செய்தது. அவர்கள் ஒட்டியது பலத்துக்காக. எனக்கோ அதுவே அளவுகோல். செதுக்கச் செதுக்க ஒட்டுக்கோடுகள் வெளியே வந்து, எங்கள் ஊர்ச் சுரங்கத்து மேட்டில் நின்றால் தெரிகிற, படிப்படியாக வெட்டிய பெஞ்சுகளைப் போல வளைந்து வளைந்து இறங்கும். இரண்டு பிளேடிலும் ஒரே கோடு மையத்திலிருந்து ஒரே தூரத்தில் வளைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி வளைந்தால் அந்த இடத்தில் மரம் மிச்சம் இருக்கிறது என்று பொருள். உளியை வைத்துவிட்டு, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினால் போதும். ஒற்றைக் கட்டையில் இந்த வசதி கிடையாது. அதில் செதுக்கும் பெரிய கைகாரர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

1903 ரைட் விமானம் செய்கிறவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். அதில் எட்டரை அடி புரொப்பெல்லர்கள் இரண்டு, எதிரெதிராகச் சுற்றுபவை. எட்டில் ஒரு பங்கு ஸ்கேலில் 12¾ அங்குலம் வரும். அங்கேதான் கண்ணாடி பிம்பம் நிஜமாகவே வேண்டும், அதுவும் பிளேடுக்குப் பிளேடு அல்ல, புரொப்பெல்லருக்குப் புரொப்பெல்லர்.

பெட்ரோல் இன்ஜினில் என் பலா புரொப்பெல்லரைப் பூட்ட மாட்டேன். 10 அங்குல புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஒட்டு விட்டால் யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது. ரப்பர் முறுக்கிலோ மெதுவாகச் சுற்றும் சின்ன மோட்டாரிலோ ஓடினால் எனக்குப் போதும். அப்போதும் அது சுற்றும் நேர்கோட்டில் யாரையும் நிற்க விடமாட்டேன்.

எடை பார்ப்பது கடைசி வேலை. மையத் துளையில் ஊசி செருகி, நிமிர்த்திய இரண்டு கண்ணாடித் துண்டுகளின் விளிம்பில் வைத்தால், கனத்த பிளேடு இறங்கும். அதைச் சுரண்டி வடிவத்தைக் கெடுப்பதைவிட, லேசான பிளேடுக்கு இன்னொரு பூச்சு வார்னிஷ் கொடுப்பது என் வழக்கம். அதையும் ஐப்பசி கார்த்திகையில் செய்வதில்லை; ஈரக்காற்றில் பூச்சு வெளுத்துப்போகும். காய்ந்த பிறகு சுவரில் மாட்டினால் படுக்கைவாட்டில் மாட்ட வேண்டும். செங்குத்தாகத் தொங்கினால் ஈரம் கீழ் பிளேடுக்கு இறங்கி, பார்த்த எடை மறுபடி மாறிவிடும்.