பிள்ளை பிறந்த பிறகு அம்மாவை அளப்பது யார்?

கர்ப்பமாக இருக்கும் பெண்ணை எங்கட நாடு கவனமாக அளக்கிறது. மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வருவா. ஒவ்வொரு கிளினிக்கிலும் நிறையும் பிரஷரும் பதிவார்கள், சீனியும் பார்ப்பார்கள். பிள்ளை பிறந்ததும் தராசு பிள்ளைக்கு மாறிவிடும். அம்மாவின் கிளினிக் கார்ட் அலுமாரிக்குள் போய்விடும்.

இதைப்பற்றி நாங்கள் எங்கட வீடுகளில் கதைத்தோம். "உன்னை வயித்தில வச்சிருக்கேக்க சீனி இருந்தது, நீ பிறந்தோட போட்டுது" எண்டு ஒரு அம்மா சிரிச்சா. அளவு இறங்கியது உண்மைதான். ஆனால் கர்ப்பகாலச் சலரோகம் வந்த பெண்ணுக்குப் பின்னாளில் சலரோகம் வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். அதனால்தான் பிள்ளை பிறந்து 6 முதல் 12 கிழமைக்குள் திரும்பவும் குளுக்கோஸ் பார்க்கச் சொல்கிறார்கள். பிறகும் சில வருடங்களுக்கு ஒருக்காப் பார்க்கவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அனுசேபம் எண்டு படித்தோமே, அது குழம்பும் நிலைக்கு அனுசேபக் கூட்டறிகுறி எண்டு பெயர். ஐந்து அளவுகளில் மூன்று பிழைத்தால் அது இருக்கிறது என்று அர்த்தம். தெற்காசியப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல். பிரஷர் 130/85 இலிருந்து. வெறும் வயிற்றில் சீனி 100 இலிருந்து. ட்ரைகிளிசரைட் 150 இலிருந்து. எச்.டி.எல். எனும் நல்ல கொலஸ்ரோல் 50 இற்குக் கீழ். தனித்தனியாகப் பார்த்தால் "கொஞ்சம்தானே கூட" எண்டு விடக்கூடியவை. ஒன்றுசேர்ந்தால் மாரடைப்புக்கும் சலரோகத்துக்கும் வழி திறக்கும்.

பெண்களுக்கு இதில் தனி வழிகளும் உண்டு. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வரும் பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்கு இன்சுலின் சரியாக வேலைசெய்யாமல் போவது அதிகம். அது எங்கட வயதிலேயே தொடங்கும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் குறைய, கொழுப்பு வயிற்றில் சேரும். அதை "பிள்ளை பெத்த வயிறு", "பூசின உடம்பு" எண்டு சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

"நடவுங்கோ, சாப்பாட்டைக் குறையுங்கோ" எண்டு சொல்வது லேசு. விடிய ஐந்து மணிக்கு அடுப்படியில் நிற்பவர் எப்போது நடப்பது? எல்லாருக்கும் போட்டுவிட்டு, பிள்ளை மிச்சம் விட்ட சோற்றையும் வீணாக்காமல் சாப்பிடுபவர் எதைக் குறைப்பது? பின்னேரம் றோட்டில் இறங்கினால் "என்ன, மெலியப் போறியளோ?" எண்டு கேட்கவும் ஆள் இருக்கு.

ஆகவே அறிவுரையை விட்டு வேலையைப் பிரிப்போம். பின்னேரத் தேத்தண்ணியையும் இராச்சாப்பாட்டையும் நாங்கள் பார்த்தால் அம்மாவுக்கு அரை மணித்தியாலம் கிடைக்கும். தையல் பெட்டியில் இருக்கும் நாடாவை எடுத்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு அளவுங்கள். 80 சென்ரிமீற்றர் எண்டால் முப்பத்தொன்றரை அங்குலம். 35 வயது தாண்டியவர்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். அம்மாவைத் தனியப் போகச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போங்கோ. அலுமாரிக்குள் கிடக்கும் அந்தப் பழைய கார்டையும் மறக்காமல் எடுத்துப்போங்கோ.